படத்தின் ஓரத்தில் இருக்கும் ஊர்

மட்டக்களப்பில் ஒரு பழைய படத்தை, வயது வேறுபட்ட நாலு பேர் கூடியிருக்கும்போது காட்டினால் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். கல்லடிப் பாலத்தின் படம் என்று வைத்துக்கொள்வோம். எடுத்தவர் பாலத்தை எடுக்கத்தான் வந்திருப்பார். இரும்புச் சட்டங்கள் படத்தின் நடுவை நிறைத்து நிற்கும். பார்ப்பவர்களோ பாலத்தைப் பற்றி ஒரு வசனம் சொல்லிவிட்டு ஓரத்துக்குப் போய்விடுவார்கள். "அங்கால நிக்கிற தோணி ஆருட?" என்பார் ஒருவர். "அக்கா, இந்தக் கரையிலதானே அப்பா வீச்சுவலை வீசுற?" என்று இன்னொருவர் கேட்பார். "ஓம் தம்பி, ஆனா இவ்வளவு கிட்ட இல்ல" என்று பதில் வரும். தலையில் சுமையோடு ஒரு பெண் மங்கலாகத் தெரிந்தால் போதும். அவர் யாராக இருக்கும், சுமையில் என்ன இருந்திருக்கும், அந்த நாளில் சந்தைக்கு என்னென்ன வரும் என்று பேச்சு நீண்டுகொண்டே போகும்.

பாலத்தின் வரலாறு ஊரில் பலருக்கும் தெரிந்ததுதான். 1928இல் திறக்கப்பட்டது. ஆளுநராக இருந்த வில்லியம் மன்னிங்கின் மனைவி நினைவாக லேடி மன்னிங் பாலம் என்று பெயர் வைத்தார்கள். ஒடுக்கமான பாலம்; ஒரு பக்கத்து வாகனங்கள் போய் முடியும்வரை மறுபக்கம் காத்து நிற்க வேண்டும். 2013இல் பக்கத்திலேயே புதிய பாலம் வந்தது. இதையெல்லாம் படத்துக்குக் கீழே எழுதிவைத்தால் ஆட்கள் வாசித்துவிட்டுத் தலையாட்டுவார்கள். அவர்களைப் பேச வைப்பது அந்தத் தோணி.

இது ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு நரம்பியலிலும் உளவியலிலும் ஓரளவு பதில் இருக்கிறது. மீதிப் பதில் இந்தக் கரையின் வரலாற்றில் இருக்கிறது. காற்றும் போரும் கடலும் வீட்டு ஆல்பங்களைக் கொண்டுபோன ஊர்களில், யாரோ ஒருவர் எடுத்த தெருப் படம் குடும்பப் படத்தின் வேலையைச் செய்கிறது. அதனால் இங்கே பழைய இடங்களின் படங்களை வெறும் பொழுதுபோக்காக நினைக்க என்னால் முடியவில்லை.

மூளை இடத்தை வைத்திருக்கும் விதம்

1971இல் ஜோன் ஓகீஃப் என்ற ஆய்வாளர் எலிகளின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை ஆராய்ந்தபோது, சில நரம்பணுக்கள் எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் தூண்டப்படுவதைக் கண்டார். மூலைக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று என்று அணுக்கள் இடத்தைப் பங்கிட்டு வைத்திருந்தன. இந்த வழியில் நடந்த ஆய்வுகளுக்காக 2014இல் அவருக்கும் நோர்வேயைச் சேர்ந்த மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மனிதரிலும் இதே ஹிப்போகாம்பஸ் இரண்டு வேலை செய்கிறது. எங்கே இருக்கிறோம் என்று கணக்கு வைப்பதும் அதுதான், நமக்கு நடந்த சம்பவங்களைப் பதிவதற்கு இன்றியமையாததும் அதுதான். பாட்டி வீட்டுக் கிணற்றடியையும் அங்கே வழுக்கி விழுந்த மத்தியானத்தையும் பிரித்து நினைக்க முடியாமல் இருப்பதற்கு இந்த அமைப்பு ஒரு காரணம்.

அப்புறம், 1998இல் ரசல் எப்ஸ்டீனும் நான்சி கான்விஷரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. வீதி, அறை, வயல்வெளி போன்ற காட்சிகளின் படங்களைப் பார்க்கும்போது மூளையின் ஒரு சிறு பகுதி மிகுந்து இயங்குகிறது, முகங்களைப் பார்க்கும்போது அது அவ்வளவு அசைவதில்லை என்று அவர்கள் காட்டினார்கள். ஆளே இல்லாத வெறும் அறையின் படத்துக்கும் அது நன்றாகவே இயங்கியது. ஆள் இல்லாத தெருப் படம் ஒன்றைப் பார்த்து ஒருவர் கலங்குவது விசித்திரமாகத் தோன்றலாம். மூளை அமைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் அதில் விசித்திரம் எதுவும் இல்லை.

ஓரம் ஏன் நடுவை வெல்கிறது என்பதற்கு எண்டெல் டல்விங் என்ற உளவியலாளரின் கருத்து உதவுகிறது. 1973இல் அவரும் டொனல்ட் தொம்சனும் சேர்ந்து முன்வைத்தது இது: ஒரு நினைவை எழுப்பக்கூடிய குறிப்பு, அந்த நினைவு பதிந்த நேரத்தில் கூடவே பதிந்த விவரமாக இருக்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து கொடன், படெலி என்ற இரு ஆய்வாளர்கள் சுழியோடிகளை வைத்து இதே மாதிரியான ஒன்றைச் சோதித்தார்கள். தண்ணீருக்கு அடியில் கேட்டு மனனம் செய்த சொற்கள் தண்ணீருக்கு அடியிலும், கரையில் மனனம் செய்தவை கரையிலும் கூடுதலாக நினைவுக்கு வந்தன.

இதைக் கல்லடிக்குக் கொண்டுவந்து பாருங்கள். நாம் யாரும் பாலத்தைப் பார்க்கப் போகவில்லை. சிவானந்தாவுக்குப் படிக்கப் போனோம், ஆஸ்பத்திரியில் கிடந்த பெரியப்பாவைப் பார்க்கப் போனோம், அரச அலுவலகமான கச்சேரிக்குப் போனோம். பாலத்தடியில் மறுபக்க லொறி வந்து முடியும்வரை காத்து நின்ற நேரத்தில் கண்ணில் பட்டது தோணியும், கரையில் காய்ந்த வலையும், தண்ணீரில் நின்ற கொக்கும்தான். மனதில் சேர்ந்து பதிந்தவை அவை. பாலம் அத்தனை நாட்களுக்கும் பொதுவானது. அதனால் எந்த ஒரு நாளையும் அது தனியாக எழுப்புவதில்லை.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். தினமும் அந்த வழியால் போகிறவரைவிட, ஊரைவிட்டு டொரொண்டோவுக்கோ லண்டனுக்கோ போனவர் ஏன் அதே படத்தைப் பார்த்து அதிகம் தடுமாறுகிறார்? ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப நடக்கும் விஷயங்களை மனம் தனித்தனியாக வைத்திருப்பதில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கரைத்து 'பாலத்தால் போவது' என்ற பொது அறிவாக்கிவிடுகிறது. ஊரில் இருப்பவருக்கு நேற்றைய பாலம் முந்தைய பாலத்தின் மேல் படிகிறது. வெளியே போனவருக்குக் கடைசியாகப் பார்த்த ஊர் அப்படியே நிற்கிறது. ஆனால் ஊரில் இருப்பவரையும் பழைய படம் அசைக்கும், இன்றைய இடத்தோடு பொருந்தாத ஒன்றை அதில் கண்டால். நகரின் நடுவான புளியந்தீவில் இப்போது கொங்கிறீற்றுக் கட்டடம் நிற்கும் மூலையில் ஓட்டுக்கூரையும் மரத்தூண் விறாந்தையும் தெரிந்தால், கரைந்துபோன நாட்களில் ஒரு நாள் தனியே மேலே வருகிறது.

நடுவை வைத்தவர்கள் யார்

பழைய படங்களில் நடு வேறு, நமக்கு வேண்டியது வேறு என்பதற்கு எடுத்தவர்களும் ஒரு காரணம். இந்தக் கரையின் ஆரம்பகாலப் படங்களில் பல அதிகாரிகளும் மிஷனரிகளும் பயணிகளும் எடுத்தவை. மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பாடசாலை தொடங்கினார். அப்போது கமராவே கண்டுபிடிக்கப்படவில்லை. கமரா வந்தபின் மிஷன் பாடசாலை, தேவாலயம், வாடிவீடு, கோட்டை, கச்சேரி என்று தங்களுக்கு முக்கியமானவற்றை நடுவில் வைத்து எடுத்தார்கள். கோட்டையை எடுத்தால் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் பிடித்த வரலாறு அவர்களுக்கு முக்கியம். ஊராருக்கு அதே கோட்டை, பிறப்புச் சான்றிதழுக்கும் காணிக் கடிதத்துக்கும் காலையிலிருந்து காத்திருந்த கச்சேரி விறாந்தை. படத்தின் கீழ் மூலையில் மதிலோரம் குந்தியிருக்கும் ஆட்களைப் பற்றி எடுத்தவர் யோசித்திருக்கவே மாட்டார். இன்று நமக்குப் பெறுமதி அவர்கள்தான்.

சரி, ஊரார் தாங்களே எடுத்த படங்கள்? அவற்றில் பெரும்பாலும் ஊர் இல்லை. கமரா வைத்திருந்த வீடுகள் குறைவு. கல்யாணம், சாமத்தியச் சடங்கு, பிள்ளைக்கு ஒரு வயது என்றால் ஸ்ரூடியோவுக்குப் போவார்கள். பின்னால் வரைந்த திரை தொங்கும். அதில் யாரும் கண்டிராத மாளிகைப் படிக்கட்டோ பூந்தோட்டமோ இருக்கும். அப்பா, அம்மா, பிள்ளைகள் அதற்கு முன்னால் விறைத்து நிற்பார்கள். 1972இல் தேசிய அடையாள அட்டை வந்தபின் எல்லோருக்கும் குறைந்தது ஒரு படம் கிடைத்தது, அதிலும் பின்னணி வெறுமை. எனவே குடும்ப ஆல்பத்தில் முகங்கள் உண்டு, அந்த முகங்கள் வாழ்ந்த தெரு இல்லை. தெரு வெளியாரின் படங்களில் இருந்தது, நம் பெயர்கள் இல்லாமல்.

வெளியார் எல்லோரும் ஒரே மாதிரி எடுக்கவுமில்லை. பின்னாளில் கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியரான டென்னிஸ் மக்கில்வ்ரே என்ற மானிடவியலாளர் 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து, அங்குள்ள தமிழரின், முஸ்லிம்களின் தாய்வழிக் குலமான குடி முறையையும் கோயில், பள்ளிவாசல் வழக்கங்களையும் ஆண்டுக்கணக்கில் படித்தார். அப்படித் தங்கியிருந்து எடுத்தவர்களின் படங்களில் ஊரார் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவற்றை அம்பாறைக் கரையில் உள்ளவர்கள் தேடிப் பார்க்க வேண்டும்.

தேடுவது பற்றி ஒரு சின்னக் குறிப்பு. அம்பாறை 1961இல்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்கு முந்திய கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, பொத்துவில் படங்கள் எந்த ஆவணக்காப்பகத்திலும் மட்டக்களப்பு என்ற பெயருக்குக் கீழேதான் இருக்கும். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளைப் பற்றிய பழைய குறிப்புகளும் அப்படித்தான். அம்பாறை என்று மட்டும் தேடுகிறவர் கல் ஓயாத் திட்டத்தின் அணைக்கட்டுப் படங்களைத்தான் முதலில் காண்பார்.

காற்று, ஓட்டம், கடல்

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி மட்டக்களப்பில் கரையேறியது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்டத்தின் தென்னைகளில் பெரும்பகுதி ஒரே இரவில் போனது. கூரை பறந்த வீடுகளில் விடியும்வரை மழை பெய்தது. சுவரில் தொங்கிய படங்களும் றங்குப்பெட்டியில் இருந்த ஆல்பங்களும் ஊறின. ஈரத்தில் ஒட்டிக்கொண்ட படங்களைப் பிரித்தபோது முகம் ஒரு தாளோடும் உடுப்பு இன்னொரு தாளோடும் வந்ததாகச் சொல்லாத பழைய குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு.

அடுத்தது போர். 1990இல் ஊர் ஊராக ஓடியபோது மக்கள் எடுத்தது அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும்தான். ஆல்பம் பாரமானது. சில வீடுகளில் வீட்டாரே படங்களை எரித்தார்கள், யாரோடு யார் நிற்கிறார் என்பதே ஒருவரின் உயிருக்கு உலை வைக்கக்கூடிய காலம் அது. தமிழ் ஊர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் வீடுகள் எரிந்தன. எரிந்த வீட்டில் ஆல்பம் மட்டும் மிஞ்சாது.

பிறகு 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, போயா விடுமுறை, வீட்டில் ஆட்கள் இருந்த காலைநேரம். இலங்கையில் மிக அதிகமாக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, காரைதீவு என்று கரையோர வீடுகள் வரிசையாகப் போயின. மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் நடுவிலிருந்த நாவலடி என்ற கிராமமே இல்லாமல் போனது. டச்பாரில் பறங்கியர் குடும்பங்கள் பல அழிந்தன. போர்த்துக்கேயக் கலப்பு மொழி பேசிய ஒரு சிறிய சமூகத்தின் வீட்டுப் படங்களும் அவற்றோடு போயின. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சாய்ந்து நின்றது, இன்று எல்லோரும் அதைப் படம் எடுக்கிறார்கள். சாய்வதற்கு முன் அந்தக் கோயில் வாசலில் எடுத்த படம் ஒன்று எங்காவது கிடைத்தால், அது அந்தக் கரையில் வாழ்ந்த குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் சொந்தமான படம்.

மூன்று தடவை ஆல்பம் இழந்த மக்களுக்குத் தங்கள் பழைய காலத்தைக் காட்ட எஞ்சியிருப்பது பொதுப் படங்கள். பஸ் நிலையத்தின் படத்தில் 'நான் இருக்கிறேனா' என்று தேடுவதை நான் பார்த்திருக்கிறேன். இல்லை என்று தெரிந்தும் தேடுவார்கள். பிறகு, "இந்த ஹோட்டல்ல அப்பா எனக்கு முதல் முதல் பனிஸ் வாங்கித் தந்தவர்" என்று தொடங்குவார்கள். அப்பாவின் முகம் உள்ள படம் அவர்களிடம் ஒன்றுகூட இராது. அந்தக் கடையின் பெயர்ப்பலகைதான் அப்பாவின் படம்.

காலத்தைச் சொல்லும் விதத்திலும் இந்த இழப்புகள் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் ஒரு படத்தைப் பார்த்து '1976' என்று யாரும் சொல்வதில்லை. 'இது சூறாவளிக்கு முந்தி' என்பார்கள். தென்னைகள் அடர்ந்து நிற்பதை வைத்து அதைச் சொல்ல முடியும். அதற்கும் முந்திய தலைமுறைக்கு 1957 வெள்ளம். அப்புறம் 'தொண்ணூறுக்குப் பிறகு', 'சுனாமிக்கு முதல்'. நோர்மன் பிரவுன் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், போரைக் கண்ட பொஸ்னியர்களும் 1999 நிலநடுக்கத்தைக் கண்ட துருக்கியின் இஸ்மிற் பகுதி மக்களும் தங்கள் சொந்தச் சம்பவங்களையே பொது நிகழ்வை வைத்துக் காலம் சொன்னார்கள். நியூயோர்க் மக்கள் 2001 தாக்குதலை அப்படிப் பயன்படுத்தியது மிக அரிது. அன்றாட வாழ்க்கையை அடியோடு புரட்டிப்போட்ட நிகழ்வுதான் நினைவுக்கு எல்லைக்கல் ஆகிறது என்பது அவர்கள் கண்டது. நமக்கு அப்படிப் பல எல்லைக்கற்கள் உண்டு. ஒரு படத்தில் மண்முனைத் துறையில் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு பாதை என்ற மிதவைப் படகு போகிறது என்றால் அது 2014இல் பாலம் திறப்பதற்கு முந்தியது. அதைப் பார்த்ததும் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை ஆட்களுக்கு ஆஸ்பத்திரிக்கு ஆள் கொண்டுபோன இரவுகள் வரும், துறைக்கு வந்து காத்திருந்த கஷ்டம் வரும். பழைய படம் இனிமையை மட்டுந்தான் கொண்டுவரும் என்று எதிர்பார்க்க முடியாது.

வளவில் நின்றவர்களும் வளவைவிட்டுப் போனவர்களும்

இந்தக் கரைக்கே உரிய ஒரு வேறுபாட்டை இங்கே சொல்ல வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் வீடு பெரும்பாலும் மகளுக்குப் போகிறது. கல்யாணமானதும் ஆண் மனைவி வீட்டுக்குப் போகிறான். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இது பொது. அக்காவின் வீடு, தங்கச்சியின் வீடு என்று அம்மாவின் வளவைச் சுற்றியே பெண்களின் வாழ்க்கை நடக்கும்.

ஆகவே பிறந்த வீட்டின் பழைய படம் ஒன்று கிடைத்தால் அண்ணனும் தங்கச்சியும் வேறு வேறு விதமாகப் பார்ப்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். அண்ணனுக்கு அது இருபத்தைந்து வயதில் விட்டுப்போன வீடு. கிடுகு வேலியும் மண் குந்தும் அவருக்கு அப்படியே நிற்கின்றன. படத்தைக் கண்டதும் அவர்தான் முதலில் உடைவார். தங்கச்சி அந்த வளவிலேயே வாழ்ந்தவர். வேலி மதிலானது, குசினி இடம் மாறியது, மாமரம் சூறாவளியில் விழுந்தது, வீடு தனக்குச் சீதனமானது, மகளுக்காகப் பக்கத்தில் இன்னொன்று கட்டியது எல்லாம் அவர் கையால் நடந்தவை. அவர் முதலில் சொல்வது, "அந்த மூலையில பாருங்கண்ணன், அம்மி அப்ப அங்கதான் கிடந்த" என்பது. கலங்குவதற்கு முன் அவர் திருத்துகிறார். வெளிநாடு போனவர்களைப் பற்றி மேலே சொன்னது இங்கே ஒரே வீட்டுக்குள் நடக்கிறது. படத்தைப் பற்றிய விவரம் வேண்டும் என்றால் வளவில் இருக்கும் பெண்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பெரும்பாலும் ஆண்களிடம் கேட்டு எழுதிவிடுகிறோம்.

சேர்ந்திருந்து பார்ப்பதன் பயனும் இதில்தான். கரைவலையை ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்துக் கரையேற்ற முடியாது, இரு பக்கமும் ஆட்கள் நிற்க வேண்டும். ஒருவர் கடையைச் சொல்ல, மற்றவர் கடைக்காரரின் சத்தத்தைச் சொல்ல, மூன்றாமவருக்கு அந்தக் கடையில் நின்ற தன் வகுப்புப் பிள்ளை நினைவுக்கு வருகிறார்.

படம் பொய் நினைவும் தரும்

படத்தால் எழும் நினைவு எல்லாம் நடந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நினைவு என்பது ஒவ்வொரு முறையும் கையிலிருக்கும் துண்டுகளை வைத்துப் புதிதாகக் கட்டப்படுவது என்று 1932லேயே பிரெட்றிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் காட்டிவிட்டார். 2002இல் கிம்பர்லி வேட் முதலியோர் செய்த சோதனை இன்னும் தெளிவானது. இருபது பேருக்கு அவர்களின் சிறுவயதுப் படங்களோடு, வெப்பக்காற்று பலூனில் அவர்கள் பறப்பதுபோல ஒட்டித் தயாரித்த ஒரு படத்தையும் காட்டினார்கள். யாரும் உண்மையில் பறந்தவர்கள் அல்ல. இரண்டொரு வாரத்தில் பாதிப் பேர் அந்தப் பயணத்தை முழுமையாகவோ அரைகுறையாகவோ 'நினைவுகூர்ந்தார்கள்'.

சூறாவளிக்குப் பிறகு பிறந்தவர்கள் தலையில்லாத தென்னைகளின் படத்தைப் பார்த்து வளர்ந்து, அந்த இரவைத் தாங்களே கண்டதுபோலச் சொல்வது இப்படித்தான் நடக்கிறது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அம்மம்மாவின் கதையும் படமும் சேர்ந்து சொந்த நினைவின் இடத்தில் உட்கார்ந்துவிட்டன. நான் கவலைப்படுவது இப்போதைய வேறொரு பழக்கத்தைப் பற்றி. கறுப்பு வெள்ளைப் படத்தைப் போனில் உள்ள செயலியில் போட்டு நிறமேற்றுகிறார்கள், மங்கலைத் தெளிவாக்குகிறார்கள். அந்தச் செயலிக்கு மட்டக்களப்புச் சந்தையைத் தெரியாது. வேறெங்கோ எடுத்த லட்சக்கணக்கான படங்களை வைத்து ஊகித்து நிறம் போடுகிறது. ஓரத்து முகங்களுக்குத் தானாகவே கண்ணும் மூக்கும் வரைகிறது. கடைக்கதவு நீலம் என்று அது சொன்னால், பச்சை என்று நினைவு வைத்திருந்த கிழவரும் சில நாளில் நீலம் என்பார். தெளிவாக்கிய படத்தில் ஒரு தாய் தன் மகனின் சாயலைக் கண்டுவிட்டால் அதை யார் போய் மறுப்பது? நிறமேற்றுவதென்றால் மூலப் படத்தைப் பக்கத்திலேயே வைத்து, இது இயந்திரம் போட்ட நிறம் என்று எழுத வேண்டும்.

கேட்டுவிட்டுக் காட்ட வேண்டிய படங்களும் உண்டு. நாவலடியின் பழைய படம் ஒருவருக்கு விளையாடிய மணல், இன்னொருவருக்குப் பிள்ளையின் கை நழுவிப்போன இடம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வீதியோரத்தில் பிடித்து நிற்கும் படங்களில் பல அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்தவை, பின்னணியில் ஒன்றுமே இல்லாதவை. அவர்களில் ஒருவருக்கு, மகன் கடைசியாகப் பஸ் ஏறிய சந்தியின் பழைய படத்தை முன்னறிவிப்பு இல்லாமல் நீட்டுவது கொடுமை. அதையே அவர் கேட்டு வாங்கினால் அது வேறு விஷயம். வயதாகி மறதி நோய் வந்தவர்களிடம் பழைய இடங்களின் படங்களைக் காட்டிப் பேச வைப்பது பல நாடுகளில் பராமரிப்பின் ஒரு பகுதி; 1963இல் ரொபேட் பட்லர் என்ற மனநல மருத்துவர் முதுமையில் கடந்த காலத்தை மீட்டுப்பார்ப்பது பயனுள்ள செயல் என்று எழுதியதிலிருந்து அது வளர்ந்தது. காலையில் சாப்பிட்டதை மறந்த ஒருவர் கல்முனைச் சந்தையின் கடைவரிசையைச் சரியாகச் சொல்லக்கூடும். ஆனாலும் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த படத்துக்குப் போக வேண்டும்.

மிஞ்சியதை வைத்திருப்பது

எழுபதுகள், எண்பதுகளின் நிறப்படங்கள் ஏன் சிவந்து போகின்றன என்று பலர் கேட்பதுண்டு. அந்தக்கால நிறப்படத் தாளில் மூன்று சாயங்கள் இருந்தன. அவற்றில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்தாலும் சீக்கிரம் அழியக்கூடியது. அது போனபின் செம்மை மிஞ்சுகிறது. வெப்பமும் ஈரமும் இதை விரைவாக்கும். வெள்ளியில் உருவான பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் அதைவிட நீண்டு நிற்கும், ஆனால் ஜெலற்றின் பூச்சில் பூஞ்சணம் பிடிக்கும். கடற்காற்றும் வாவியின் ஈரமும் உள்ள நம் வீடுகளில் இரண்டுமே விரைவில் நடக்கும். ஆகவே போனிலாவது பிரதி எடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. கண்ணாடிச் சட்டத்திலிருந்து எடுத்து, ஜன்னலோர வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். ஸ்ரூடியோ முத்திரையும் யாரோ பென்சிலால் எழுதிய பெயரும் அங்கேதான் இருக்கும். ஓரத்தை வெட்டவே கூடாது. நனைந்த படங்கள் என்றால் காயவிட்டு ஒட்டிக்கொள்ள விடாமல், சுத்தமான குளிர்ந்த நீரில் மெல்ல அலசி நிழலில் உலர்த்த வேண்டும். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் தொண்டர்கள் லட்சக்கணக்கான படங்களை இப்படி அலசி உரியவர்களிடம் சேர்த்தார்கள். 2004இல் நம் கரையில் மணலுக்குள் கிடந்த படங்களுக்கு அது நடந்திருந்தால் என்று நினைக்கும்போது மனம் பொறுக்கவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களோடு படங்களையும் எண்ணிம முறையில் சேர்த்து வருகிறது. வீட்டில் வைக்க இடமும் ஆளும் இல்லாதவர்களுக்கு அது ஒரு வழி.

இவ்வளவும் படம் இருப்பவர்களுக்கு. நாற்பது வயது கடந்தவர்களிடம் வாழ்க்கைச் சம்பவங்களைக் கேட்டால் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்டவை மிக அதிகமாக வரும் என்பது பல நாடுகளில் உறுதிப்பட்ட ஒன்று. இங்கே எழுபதுகளின் பிற்பகுதியில் பிறந்தவர்களுக்கு அந்த வயது முழுக்கப் போருக்குள் போனது. பாலத்தடியிலும் காவலரண் பக்கத்திலும் கமராவைத் தூக்க யாரும் துணியவில்லை. தார்பீப்பாய் அடுக்கிய சோதனைச் சாவடியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்த வீதி, ஆறு மணிக்கே அடங்கிய ஊர், அரிக்கன் லாம்பில் படித்த சாதாரணதரப் பரீட்சை என்று அவர்கள் மனதில் நிறைந்திருக்கும் இடங்களுக்கு ஊரார் எடுத்த படம் அநேகமாக இல்லை. நினைவு மிக அடர்ந்த காலமும் படம் மிகக் குறைந்த காலமும் அவர்களுக்கு ஒன்றாக அமைந்துவிட்டன.

இதற்கு நான் கண்ட வழி தாளும் பென்சிலும். வீட்டிலிருந்து பாடசாலைக்குப் போன வழியை வரையச் சொல்ல வேண்டும். எந்த ஒழுங்கையால் கிறுகினீர்கள், எந்த வீட்டு நாய்க்குப் பயம், காவலரண் எங்கே தொடங்கியது, குண்டு விழுந்த கிணறு எது என்று கேட்டால் கை தானாக வரையும். அக்காவையும் தம்பியையும் தனித்தனியாக வரையச் சொல்லி, பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து இடங்களின் பெயர்களையும் வரைந்த திகதியையும் எழுதலாம். ஒருவர் வரைந்த புளியமரம் மற்றவரின் தாளில் வீதிக்கு மறுபக்கத்தில் இருக்கும். யார் சரி என்று அப்போதே தீர்க்கத் தேவையில்லை. இரண்டு தாள்களையும் அப்படியே சேர்த்து வைத்தால், என்றாவது ஒரு படம் கிடைக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.